பின்னால் ஏழு பேர்

கார்த்திகைப் புயலின்போது கடலுக்குள் இருந்த ஏழு பேரும் ஆடி பிறந்த பிறகும் திரும்பாததால், சேந்தன்துறைத் தொம்மை தன்னுடைய வெள்ளை வண்டியின் பின்பாதியை வெட்டிவிட்டு அதை மீன் ஏற்றும் பிக்கப்பாக மாற்றிவிடுவது என்று முடிவு செய்து, ஒரு திங்கட்கிழமை காலை, முதல் பூசை முடிந்து ஜனங்கள் கோயிலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தபோதே, எல்லார் கண்ணுக்கும் முன்னால் அதை எடுத்துக்கொண்டு வள்ளியூர் சாலையில் இருந்த நயினா முகம்மதுவின் பட்டறைக்குப் போனார்.

அந்த வண்டிக்கு அதுவரை ஒரே ஒரு வேலைதான் இருந்தது. சேந்தன்துறைக் கரையில் பெரிய விசைப்படகு வந்து அணைய ஆழம் கிடையாது என்பதால் அவர்களுடைய படகு மேற்கே நான்கு மணி நேரத் தொலைவில் இருந்த துறைமுகத்தில் நின்றது. படகில் போகிற ஏழு பேரையும் தொம்மை இங்கிருந்து கொண்டுபோய் அங்கே இறக்கிவிடுவார், நாற்பது நாள் கழித்துப் போய் ஏற்றிக்கொண்டு வருவார். பதினோரு வருஷமாக இதுதான் நடந்தது. முன் சீட்டில் அரிசி மூட்டையும் வெங்காயச் சாக்கும் இருக்கும். பின்னால் ஏழு பேர் இருப்பார்கள், நடுச் சீட்டில் மூன்று பேர், அதற்கும் பின்னால் எதிரும் புதிருமாக நான்கு பேர். யாரும் யார் இடத்திலும் மாறி உட்கார்ந்தது கிடையாது. படகை ஓட்டுகிற பெர்னாந்து நடுவில் ஜன்னலோரம். தொம்மையின் ஒரே மகன் கிளிட்டஸ் கடைசியில் வலது மூலை. அவனுக்கு எதிரே அன்றோ, கல்யாணமாகி ஐந்தே மாதம் ஆனவன்.

படகும் கிடைக்கவில்லை, உடல்களும் கிடைக்கவில்லை. ஹெலிகாப்டர் பத்து நாள் தேடியது, பிறகு நின்றுவிட்டது. தொம்மை எட்டு மாதம் வண்டியை எடுக்கவேயில்லை. இனி எதையாவது ஓட்டித்தான் பிழைக்க வேண்டும் என்று ஆனபோது, பிக்கப் இருந்தால் தினமும் சரக்குத் தருவதாக மீன் வியாபாரி ஒருவர் சொன்னார். அதை வீட்டில் சொன்ன அன்று அவருடைய மனைவி எஸ்கலின் நெடுநேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அவன் வந்தா எதுல கூட்டிட்டு வருவீங்க?” என்று கேட்டாள்.

“பஸ்ல,” என்றார் தொம்மை.

வண்டி புறப்பட்ட அன்று அவள் கூப்பிடாமலேயே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

நயினா முகம்மது லாரிக்கும் டெம்போவுக்கும் பாடி கட்டுகிறவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கூரையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“நல்ல வண்டி, அண்ணாச்சி. குடும்பத்துக்குன்னு செஞ்ச வண்டி. வெட்டினா வெட்டினதுதான், திருப்பி ஒட்ட முடியாது.”

“ஒட்ட வேண்டாம், பாய்.”

முதல் நாள் சீட்டுகளைக் கழற்றினார்கள். இரண்டாம் நாள் கேஸ் கட்டரால் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து கூரையை அறுத்து எடுத்தார்கள். அது விழுந்தபோது பட்டறையின் தகரமெல்லாம் அதிர்ந்தது, ரோட்டுக்கு எதிர்ப்புறம் கட்டியிருந்த ஆடுகள் எழுந்து நின்றன. மூன்றாம் நாள் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் தகரச் சுவர் அடைத்து அதில் ஒரு சிறு கண்ணாடி வைத்தார்கள். கீழே புள்ளி போட்ட இரும்புத் தகடு விரித்தார்கள். இடுப்பு உயரத்துக்குப் பக்கப் பலகை கட்டி, பின்னால் சங்கிலியில் தொங்கும் கதவு மாட்டினார்கள். நான்காம் நாள் வெள்ளை அடித்தார்கள். முதல் நாள் வண்டியிலேயே வந்த எஸ்கலின், மற்ற நாளெல்லாம் பஸ் ஏறி வந்து, பட்டறை வாசலில் கழற்றிப் போட்டிருந்த நடுச் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிப் போனாள்.

ஐந்தாம் நாள் நயினா முகம்மது வண்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். அவ்வளவு இரும்பையும் கண்ணாடியையும் எடுத்த பிறகு பின்பக்கம் நன்றாக மேலே எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. ஆள் நிறைந்த வண்டியைப்போலத் தாழ்ந்தே நின்றது. ஸ்பிரிங் பட்டை ஓய்ந்துபோயிருக்கும் என்று புதுப்பட்டை மாற்றினார். புதுப்பட்டையும் அதே அளவுக்கு அமுங்கியது. ஜாக்கி வைத்துத் தூக்கியவருக்கு ஜாக்கியின் கைப்பிடியிலேயே விஷயம் புரிந்தது. முப்பது வருஷமாகப் பாரம் தூக்கிய கை அது.

“அண்ணாச்சி, பின்னால ஆள் இருக்கு,” என்றார்.

தொம்மை பின்னால் போய்ப் பார்த்தார். புது வெள்ளையும், தகட்டின் மேல் கிடந்த வெல்டிங் பொடியும்தான் தெரிந்தன.

வண்டியின் மாற்றத்தை ஆர்டிஓ ஆபீசில் பதிய வேண்டுமானால் எடைச் சீட்டு வேண்டும். வழியில் நெல் மூட்டையும் கல் லாரியும் நிறுக்கிற எடைமேடை ஒன்று இருந்தது. அங்கே சீட்டுப் போடுகிற சண்முகவடிவு, கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து எண்ணைப் பார்த்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினாள்.

“காலி வண்டின்னு சொன்னீங்க. பட்டறைச் சீட்டுல இருக்கிறதவிட நானூத்தித் தொண்ணூறு கிலோ கூடக் காட்டுதே. பின்னால இருக்கிறவங்கள இறங்கச் சொல்லுங்க.”

தொம்மையோடு மேடைக்கு வெளியே இறங்கி நின்ற எஸ்கலின் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தாள். கடைசி முறை போகும் முன்னால் துறைமுகத்தில் எல்லாருக்கும் உடம்பு சோதனை நடந்ததும், அப்போது நிறுத்ததைக் கிளிட்டஸ் போனில் சொல்லிச் சிரித்ததும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவன் எழுபது, பெர்னாந்து எண்பத்தைந்து, அன்றோ அறுபது, மற்ற நால்வரும் இருநூற்றெழுபத்தைந்து. கூட்டினால் நானூற்றுத் தொண்ணூறு சரியாக வந்தது.

“அவங்க இறங்க மாட்டாங்கம்மா,” என்றாள் எஸ்கலின். “நீ சீட்டப் போடு.”

ஆர்டிஓ ஆபீசில் வண்டியைச் சோதித்த அதிகாரி சீட்டைப் படித்தார், வண்டியை ஒரு முறை பார்த்தார், தொம்மையின் முகத்தை ஒரு முறை பார்த்தார். அவருக்கு அடுத்து இன்னும் பதினாறு வண்டிகள் நின்றன. காலி வண்டியின் எடை என்ற இடத்தில் ஏழு பேரையும் சேர்த்தே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அரசாங்கத்தின் புத்தகத்தில் அவர்கள் ஏழு பேரும் இரும்பாகிவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பிய வழியில் தொம்மை எல்லாவற்றையும் உணர்ந்துகொண்டார். சடக்கென்று பிரேக் பிடித்தால் ஒரு நொடி கழித்துப் பின்னாலிருந்து பாரம் முன்னால் சாய்ந்து வந்து, பிறகு நிமிர்ந்தது. வேகத்தடையில் சக்கரம் ஏறி இறங்கியதும் ஏழு உடம்புகள் தூக்கிப் போடப்பட்டுத் தனித்தனியாக உட்கார்ந்தன. ஊருக்குச் சாலை பிரிகிற விலக்கில் வழக்கம்போல் வண்டியை நிறுத்தியபோது பின்பக்கம் கொஞ்சம் எழுந்தது. எண்பத்தைந்து கிலோ இறங்கியிருந்தது. அங்கே இருந்த பெட்டிக்கடையில்தான் பெர்னாந்து எப்போதும் வெற்றிலை வாங்குவார். தொம்மை எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார். இரண்டு நிமிஷத்தில் பின்பக்கம் மறுபடி அமுங்கியது. அவர் கியரைப் போட்டார்.

சேந்தன்துறை இதை எடுத்துக்கொள்ள ஒரு வாரம்கூடப் பிடிக்கவில்லை. மறுநாளே ஏழு வீட்டுப் பெண்களும் வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள். யார் எங்கே உட்காருவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால், பக்கப் பலகையில் அவரவர் ஆள் இருக்கிற இடத்துக்கு நேராக அவரவர் கையை வைத்துக்கொண்டார்கள். யாரும் ஓங்கி அழவில்லை. பெர்னாந்தின் மனைவி மட்டும், வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்றும் மூத்தவளுக்கு மாப்பிள்ளை வந்துபோயிருக்கிறது என்றும் தகட்டைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு வண்டி தெருவில் போனால், வலை பின்னிக்கொண்டிருக்கிற ஆண்கள் தொம்மைக்கு ஒரு கையும் பின்னால் இருக்கிறவர்களுக்கு ஒரு கையும் தூக்கினார்கள். ஐஸ் பெட்டிகளை நடுவில் ஒற்றை வரிசையாகத்தான் அடுக்கினார்கள். இரண்டு பக்கமும் கால் நீட்ட இடம் விட்டார்கள். சோதனைச் சாவடியில் நின்ற போலீஸ்காரர், முதல் வாரம் பாரம் அதிகம் என்று மடக்கியவர், இரண்டாம் வாரம் விசாரித்துத் தெரிந்துகொண்டு, மூன்றாம் வாரம் முதல் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு வழிவிட்டார்.

மற்றக் கரைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அதே புயலில் தொலைந்தவர்களுடைய அம்மாக்கள் அவர்கள். தங்கள் வீட்டு வண்டியையும் வெட்டினால் இப்படி வருமா என்று கேட்டார்கள். இரண்டு பேர் கேட்டதோடு நிற்காமல் போய் வெட்டவும் செய்தார்கள். அந்த வண்டிகளின் பின்பக்கம் காலி வண்டிபோல் துள்ளி எழுந்து நின்றது. அதில் ஒருத்தி திரும்பி வந்து தொம்மையின் வண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வந்த பஸ்சிலேயே ஏறிப் போனாள்.

பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். சாமியார் இளவயசுக்காரர், பொய் சொல்லத் தெரியாதவர். இறந்தவர்களுக்கான பூசையை வைக்கலாமா என்று கேட்டதற்கு, “எடை இருக்கிறவங்களுக்கு அந்தப் பூசையை எப்படி வைக்கிறது? எனக்குத் தெரியல. ஆயருக்கு எழுதுறேன்,” என்றார். ஆயரிடமிருந்து பதில் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஏழு வெற்றுக் குழிக்கு ஏழு சிலுவை நடுவதாக முன்பே பேசி, சிலுவைகளும் வந்து இறங்கியிருந்தன. அவற்றைச் சுவரோரம் சாய்த்து வைத்துச் சாக்கால் மூடினார்கள்.

தாசில்தாருக்கும் விஷயம் போயிற்று. உடல் கிடைக்காதவர்களை இறந்தவர்களாக எழுத ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம் என்றும், இந்த ஏழு பேரையும் சீக்கிரமே எழுதிவிட மேலிடத்துக்குத் தான் பரிந்துரைத்திருந்ததாகவும், இப்போது அரசாங்க முத்திரை உள்ள ஆவணத்திலேயே அவர்கள் எடையோடு இருப்பதாகத் தெரிய வருவதால் அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை என்றும் அவர் குறை கேட்கும் நாள் அன்று எல்லார் முன்னாலும் வருத்தத்தோடு சொன்னார். வருத்தம் உண்மையானதுதான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மீன் வியாபாரி இரண்டு மாதம் பொறுத்தார். பாதிச் சரக்குக்கு முழு வண்டி போய்வருவது அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. வேறு பிக்கப் வைத்துக்கொண்டார். தொம்மை அவரைக் குறை சொல்லவில்லை. கிடைத்ததை ஏற்றிக்கொண்டு, ஏழு பேரையும் சுமந்துகொண்டு, சந்தை சந்தையாகப் போய் வந்தார். சின்னக் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்ப்பதை மட்டும் தவிர்த்தார். அதற்கு ஒரு காலண்டர் அட்டையை வெட்டி ஒட்டியிருந்தார்.

ஐப்பசியில் ஒரு நாள் அன்றோவின் மனைவி ஜெசிந்தா கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தை அன்றோ போன பிறகு பிறந்தது. எஸ்கலின் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

“மாமா, எங்க வீட்டுல எனக்கு இன்னொரு இடம் பாத்திருக்காங்க,” என்றாள் ஜெசிந்தா. “மனைவி செத்தவரு. பிள்ளையையும் சேத்து ஏத்துக்கிறதாச் சொல்லுதாரு. எனக்கு இருபத்திரண்டு வயசு. பிள்ளையோட அப்பா இப்படி வண்டியிலயே இருந்தா சாமியாரு எப்படிக் கல்யாணத்த மந்திரிப்பாரு, நான் எப்படிச் சம்மதிப்பேன்?”

“நான் என்னம்மா செய்யணும்?”

“அவர இறக்கி விட்டுருங்க.”

தொம்மை அதற்கு முன்பு அப்படி ஒன்றை யோசித்ததில்லை. எங்கே இறக்குவது என்று கேட்க வாயெடுத்தவருக்கு, அதைக் கேட்க வேண்டியதில்லை என்று தெரிந்தது. அவர்கள் எப்போதும் இறங்குகிற இடம் ஒன்றுதான் உண்டு. பதினோரு வருஷத்தில் அவர்கள் எந்தச் சந்தையிலும் இறங்கியதில்லை, எந்த ஐஸ் கம்பெனியிலும் இறங்கியதில்லை. அவர்கள் வண்டியில் ஏறியதே துறைமுகத்துக்குப் போகத்தான். இந்த மூன்று மாதமாக அவர் அவர்களைத் தவறான ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

ஏழு வீட்டிலும் பேசினார்கள். ஆறு வீடு சம்மதித்தது. எஸ்கலின் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை, முன் சீட்டில் அரிசியும் வெங்காயமும் வைத்து வண்டி புறப்பட்டது. பெண்கள் ஒரு வேனில் பின்னால் வந்தார்கள். விலக்கில் பெர்னாந்து இறங்கி வெற்றிலை வாங்கினார். அதற்குப் பிறகு எங்கும் நிற்கவில்லை.

துறைமுகத்தில் நண்பகல் வெயில். அவர்கள் படகு நிற்கிற இடத்தில் வேறு படகு நின்றது. தொம்மை வண்டியைப் பின்பக்கமாகத் திருப்பி, எப்போதும் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, சங்கிலியை அவிழ்த்துக் கதவைத் தாழ்த்தினார். அரிசி மூட்டையையும் வெங்காயச் சாக்கையும் இறக்கிக் கரையில் வைத்தார். பெண்கள் எட்ட நின்றார்கள். பின்பக்கம் ஒரு விரற்கடை எழுந்தது. பெர்னாந்துதான் முதலில் இறங்குவார். பிறகு இன்னும் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். யாருடைய ஆள் இறங்கினாரோ அந்தப் பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். அன்றோ இறங்கியபோது ஜெசிந்தா குழந்தையின் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக் காட்டினாள். அங்கே டீசல் மிதந்துகொண்டிருந்தது. குழந்தை அதன் நிறங்களைப் பார்த்தது.

ஆறு பேர் இறங்கியிருந்தார்கள். எஸ்கலின் அப்போது பின்கதவில் கால் வைத்து ஏறி, வலது மூலையில் போய், பலகையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, மடியில் எதையோ அணைத்துக்கொள்வதுபோல் இரண்டு கையையும் கோத்துக்கொண்டாள்.

“நீ போவாத, மக்கா,” என்றாள். “அவங்க போவட்டும். நீ இரி.”

முதன்முதலில் படகேறியபோது கடலுக்குப் போகாதே என்று சொன்னதைத் தவிர, கிளிட்டஸ் அம்மாவின் சொல்லைத் தட்டியதே கிடையாது. வண்டி அதற்கு மேல் எழவில்லை. தொம்மை வெகுநேரம் கதவைத் திறந்தே வைத்திருந்தார். பிறகு மூடினார்.

அடுத்த ஞாயிறு ஆறு பேருக்கும் பூசை நடந்தது. ஆறு சிலுவைகளைச் சாக்கிலிருந்து எடுத்து நட்டார்கள். சந்தோஷமாக ஒன்றும் முடியவில்லை. எடை போய்விட்டது என்று புதுச் சீட்டோடு போனவர்களிடம் தாசில்தார், எடை இல்லாதது இருக்கிறதற்குச் சாட்சி ஆகாது, செத்ததற்கும் சாட்சி ஆகாது, ஏழு வருஷம் கழித்து வாருங்கள் என்றார். ஜெசிந்தாவுக்குப் பார்த்திருந்தவர் அதுவரை காத்திருக்க முடியாது என்று வேறு இடத்தில் முடித்துக்கொண்டார். அவள் இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். பெர்னாந்தின் மனைவி ஒரு நாள் எஸ்கலினிடம் வந்து, “பேசுறதுக்காவது இருந்தாவ. அனுப்பியிருக்கக் கூடாது,” என்று சொல்லி, அந்த ஒரு தடவை மட்டும் சத்தமாக அழுதாள்.

ஒருவனை மட்டும் ஏற்றிக்கொண்டு வண்டி ஓடியது. இப்போது நல்ல சரக்குப் பிடித்தது. மீன் வியாபாரி மறுபடி கூப்பிட்டார். எஸ்கலின் ஒவ்வொரு நாளும் சோறு வடித்ததும் ஒரு கும்பா சோறும் மீன்குழம்பும் கொண்டுபோய் வலது மூலையில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, ஆறிய பிறகு எடுத்துவந்தாள்.

தை மாதம் சரக்கு ஏற்றும் முன்பு எடைமேடையில் ஏறியபோது சண்முகவடிவு, “அண்ணாச்சி, எழுபது இல்ல, அம்பத்தஞ்சுதான் கூடக் காட்டுது,” என்றாள். தொம்மை அதை வீட்டில் சொல்லவில்லை. மாசியில் நாற்பது. பங்குனியில் முப்பதைத் தாண்டவில்லை. சண்முகவடிவு ஒவ்வொரு முறையும் சீட்டை நீட்டும்போது எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டே நீட்டினாள். பிரேக் பிடித்தால் பின்னால் ஏதோ உருண்டு வருவதுபோல் லேசாக மோதியது, பெரிய ஆள் சாய்வதுபோல் இல்லை. எஸ்கலினுக்கும் தெரியாமலில்லை. அவள் கும்பாவில் சோற்றைக் குறைத்துக் குழைய வடித்தாள், காரத்தைக் குறைத்தாள், பிறகு பாலில் பிசைந்தாள். சித்திரையில் அவள் பாலை மட்டும் எடுத்துக்கொண்டு போவதைத் தொம்மை பார்த்தார்.

“எஸ்கலின், அவன் தேய்ஞ்சிட்டே வாரான்,” என்றார்.

“தெரியும்.”

“தனியா இருக்கான். கூட இருந்தவங்கள்லாம் போயிட்டாங்க.”

“நான் இருக்கேன்ல.”

வைகாசியில் சண்முகவடிவு பத்து என்றாள், அடுத்த வாரம் ஐந்து என்றாள், அதற்கு அடுத்த வாரம் கூண்டைவிட்டு வெளியே வந்து வண்டியின் பக்கத்தில் நின்றாள்.

“ஒண்ணும் காட்டல. ஆனா அஞ்சு கிலோவுக்குக் கீழ இந்த மிஷினுக்குத் தெரியாது, அண்ணாச்சி. இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்.”

அன்று தொம்மை சரக்கு ஏற்றாமல் வீட்டுக்குத் திரும்பினார். எஸ்கலின் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் வாய் திறக்கும் முன்பே அவள் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்து வண்டிக்குப் பின்னால் ஏறினாள்.

“போவோம்,” என்றாள். “இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே கொண்டுபோய் விட்டிருவோம்.”

தொம்மை காலண்டர் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு ஓட்டினார். சின்னக் கண்ணாடியில் அவள் தெரிந்தாள். பள்ளம் வந்தால் கையைத் தாங்கலாகப் பிடித்துக்கொண்டாள். வெயில் மாறினால் சேலை முந்தியை மாற்றிப் பிடித்தாள். பாதி வழியில் தொம்மை வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கிப் பின்னால் வந்து, பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒண்ணு சொல்லணும். கடைசியா கொண்டு விட்ட அன்னைக்குப் பெர்னாந்து, வானம் சரியில்ல, ரெண்டு நாள் கழிச்சுப் போவோம்னு சொன்னான். நாந்தான் ஐஸ் ஏத்தியாச்சு, கரையுது, புறப்படுங்கன்னு சொன்னேன்.”

எஸ்கலின் அவரைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தாள்.

“தெரியும். படகுல ஏறுறதுக்கு முன்னால நம்ம பிள்ள போன் பண்ணுனான். அப்பாகிட்ட நீ சொல்லும்மான்னு கேட்டான். நான், அப்பா சொல்லுததக் கேளுன்னு சொல்லிட்டேன்.”

ஒரு பஸ் கடந்து போனது. பிறகு தொம்மை போய் எஞ்சினைப் போட்டார்.

துறைமுகத்தில் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் கட்டியே கிடந்தன, கரையில் ஆள் இல்லை. அவர் வண்டியைத் திருப்பி நிறுத்திக் கதவைத் தாழ்த்தினார். எஸ்கலின் மடியிலிருந்து கைகளை எடுத்தாள். ஒரு கையை மட்டும் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு அதையும் எடுத்தாள்.

“போ, மக்கா,” என்றாள். “அவங்க ஏழு மாசம் முந்திப் போயிட்டாங்க. பாத்துப் போ.”

அவள் இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றாள். இருவரும் ஸ்பிரிங் பட்டையைப் பார்த்தார்கள். அது அசையவில்லை. அசையும் அளவுக்குப் பாரம் அதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும். தொம்மை குனிந்து, பட்டையின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். கடலில் அலை இல்லை. கட்டிக் கிடந்த படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

“இறங்கிட்டானா?” என்று கேட்டாள்.

“தெரியல.”

“தனியா எப்படிப் படகக் கண்டுபிடிப்பான்?”

வெயில் சாய்ந்து வண்டியின் நிழல் தண்ணீரைத் தொடும்வரை அவர்கள் நின்றார்கள். கதவை மூடலாமா என்று தொம்மை கேட்டார். இன்னும் இறங்காமல் இருந்தால், மூடிய பிறகு எப்படி இறங்குவான் என்றாள். மூடாமல் போனால் வழியில் விழுந்துவிடுவானே என்றார். பிறகு சங்கிலியை மாட்டிக் கதவைப் பாதிக்கு நிறுத்தி, இரண்டாம் கியருக்கு மேல் போகாமல், நான்கு மணி நேர ரோட்டில் ஊரைப் பார்த்து ஓட்டிவந்தார். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்து, ஒதுங்கி, அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.